பிடிக்காத பாட்டும் கெட்ட பாட்டும்

பாட்டைக் குறித்து நாம் நாள்தோறும் இரண்டு வாக்கியங்கள் சொல்லுகிறோம். "இந்தப் பாட்டு எனக்குப் பிடிக்கவில்லை" என்பது ஒன்று. "இது நல்ல பாட்டல்ல" என்பது மற்றொன்று. இரண்டும் ஒன்றே என்று எண்ணி, ஒன்றின் இடத்தில் மற்றொன்றைச் சொல்லிவிடுகிறோம். முதல் வாக்கியம் என் செவியைப் பற்றியது. அதைச் சொல்ல எனக்குப் படிப்பு வேண்டாம். யாருக்கும் நியாயம் காட்டவும் வேண்டாம். கத்தரிக்காய் பிடிக்கவில்லை என்கிறவனிடம் யாரும் சாட்சி கேட்பதில்லை. இரண்டாம் வாக்கியமோ ஒரு தீர்ப்பு. அது பாட்டின்மேல் மாத்திரம் விழுகிறதில்லை. அதைக் கட்டினவன்மேலும், பாடினவன்மேலும், கேட்டு மகிழ்கிறவர்கள்மேலும் விழுகிறது. ஆராயாமல் பிறனைத் தீர்ப்பிடுவது எட்டாம் கற்பனைக்கு விரோதம் என்று சிறுவயதில் ஞானோபதேசத்தில் படித்திருக்கிறோம். அயல்வீட்டுக்காரனுடைய நடத்தையைப் பற்றி வாய் திறக்குமுன் சற்றே யோசிக்கிற நாம், அவன் விரும்பிக் கேட்கும் பாட்டை "கூச்சல்" என்ற ஒரே சொல்லால் தள்ளிவிட யோசிப்பதில்லை.

இது சிறிய காரியந்தானே என்பீர்கள். குடும்பங்களில் நடப்பதைப் பார்த்தால் அவ்வளவு சிறியதாகத் தோன்றவில்லை. தகப்பனார் காலத்துப் பாட்டு மகனுக்கு இழுவை. மகனுடைய பாட்டு தகப்பனாருக்கு இரைச்சல். பாட்டியார் பாடும் புலம்பல் இருவருக்கும் நகைப்பு. முன்னாட்களில் தேநீர்க்கடை வானொலியும் கலியாண வீட்டு ஒலிபெருக்கியும் ஊர் முழுவதற்கும் ஒரே பாட்டைக் கொடுத்தன. பிடித்தாலும் பிடிக்காவிட்டாலும் எல்லாரும் கேட்டார்கள். கேட்டபின் திண்ணையில் உட்கார்ந்து வாதாடவும் செய்தார்கள். இன்று ஒவ்வொருவர் கையிலும் செல்போன், ஒவ்வொருவர் காதிலும் இயர்போன். வாதாட்டம் குறைந்துவிட்டது, மெய்தான். பேச்சும் அதோடே குறைந்துவிட்டது. மகன் என்ன கேட்கிறான் என்பது தகப்பனுக்குத் தெரியாது. அது ஏன் அவனைத் தொடுகிறது என்பதோ அதைக்காட்டிலும் தெரியாது.

இந்தச் சங்கடத்திலிருந்து தப்ப இரண்டு சுலபமான வழிகள் உண்டு. பழையதெல்லாம் உத்தமம், புதியதெல்லாம் கேடு என்பது ஒரு வழி. இப்படிச் சொல்லுகிறவருடைய வயதைக் கேட்டால் போதும். அவருக்குப் பதினெட்டு வயதானபோது வந்த பாட்டுகளோடு உலகத்தில் நல்ல சங்கீதம் முடிந்துபோயிருக்கும். "அவரவர் ருசி அவரவருக்கு" என்பது மற்ற வழி. இது தாராளமான மனசுபோலத் தோன்றும். உள்ளபடி பார்த்தால் சோம்பல்தான். பெண்ணைச் சந்தைச் சரக்காகப் பேசும் பாட்டைத் தன் மகள் காதுகேட்க வீட்டில் ஓடவிட்டு, ருசி வேறுபாடு என்று சொல்லிக்கொள்ளுகிற தகப்பன் தன் கடமையிலிருந்து விலகி நிற்கிறான். ஆகையால் தீர்ப்புச் சொல்லத்தான் வேண்டும். எப்படிச் சொல்வது என்பதே நம் முன் இருக்கும் கேள்வி.

உதாரணத்துக்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. நம் சங்கரன்கோவிலுக்கு அடுத்த சென்னிகுளத்தைச் சேர்ந்தவர் அண்ணாமலை ரெட்டியார். ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்பத் தேவருடைய ஆதரவில் இருந்தவர். கழுகுமலை முருகன்மேல் காவடிச் சிந்து பாடிப் பேரெடுத்து, 1891-ல், முப்பது வயது நிரம்புமுன்பே மரித்தார். அவர் பாடிய தெய்வம் வேறு, நம் வேதம் வேறு. அது இங்கே பேச்சல்ல. பாட்டை மாத்திரம் பாருங்கள். தோளில் காவடி சுமந்து, வெயிலில் மலையை நோக்கி நடக்கிறவர்களுக்காக எழுந்த மெட்டு அது. எதுகையும் இயைபும் அடுக்கடுக்காக விழுந்து விழுந்து, களைத்த காலை அடுத்த அடி எடுத்துவைக்கச் செய்கின்றன. கச்சேரி மேடையில் மாத்திரமே பாட்டுக் கேட்டுப் பழகினவர் ஒருவர் வந்து, "இதில் ராகத்தை விரித்துப் பாட இடம் எங்கே?" என்று கேட்டால், அவர் கேட்பது நியாயமான கேள்வியன்று. உட்கார்ந்து கேட்பதற்கென்று எழுந்த பாட்டில்லை அது. பிற்காலத்தில் கச்சேரி வித்துவான்களே அதை எடுத்துப் பாடினார்கள், சினிமாவும் அந்த மெட்டை எடுத்துக்கொண்டது என்பது வேறு விஷயம்.

ஆக, ஒரு பாட்டைக் கேட்டவுடன் முதலாவது விசாரிக்க வேண்டியது: இது என்ன வேலைக்கு வந்தது? அந்த வேலையைச் செய்கிறதா? நாற்று நடுகிறவள் பாடுவது குனிந்த முதுகுக்காக. தாலாட்டு வருவது தூக்கத்துக்காக. அதில் சங்கதி குறைவு என்று ஒருவர் குறை சொன்னால் குழந்தையும் சிரிக்கும்.

நம் வாலிபர்களுக்கும் இதே கேள்வி உண்டு. தபசுகாலத்தில் நம் தென்பகுதிக் கோயில்களில் பாடி வாசிக்கப்படும் வியாகுலப் பிரசங்கத்தை அவர்கள் சகிக்கமாட்டார்கள். ஒரே இழுப்பு, அழுகை ராகம் என்பார்கள். கோவாவிலிருந்து இலங்கைக்கு வந்து உழைத்து 1742-ல் அங்கேயே மரித்த யாக்கோமே கொன்சால்வெஸ் சுவாமி அதை எழுதியவர். செத்த பிள்ளையை மடியில் கிடத்திய தாயின் அழுகையை நம் ஜனங்களுக்குத் தெரிந்த ஒப்பாரியின் சாயலில் கேட்கச் செய்வது அதன் வேலை. எழவு வீட்டில் உட்கார்ந்து அழுதறியாத பதினைந்து வயதுப் பையனுக்கு அது பிடிக்காமலிருப்பது குற்றமல்ல. "பிடிக்கவில்லை" என்று அவன் சொல்லட்டும். "மட்டமானது" என்று சொல்ல அவனுக்கு இன்னும் உரிமை வரவில்லை.

ஆனால் இந்தக் கேள்வியோடு நின்றுவிட்டால் ஏமாந்துபோவோம். ஒரு பாட்டு தன் வேலையை வெகு நன்றாய்ச் செய்யும். அந்த வேலையே பாவமாயிருக்கும். நம் தென்மாவட்டங்களில், சொந்தச் சாதியின் பெருமையைப் பாடுவதுபோல எதிர்த்தெருவைச் சீண்டும் பாட்டுகள் திருவிழாக்களிலும் கலியாண ஊர்வலங்களிலும் ஒலிப்பதை எல்லாரும் கேட்டிருக்கிறோம். தாளம் கச்சிதமாயிருக்கும். பாடுகிறவனுடைய குரலில் குறை சொல்ல இடமிராது. கேட்டவுடன் இளரத்தம் கொதிக்கும். அதற்காகவேதான் அது செய்யப்பட்டது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்தப் பாட்டை "இரைச்சல்" என்று திட்டுகிற பெரியவர் குறியைத் தவறவிடுகிறார். இரைச்சலாயிருந்தால் ஆபத்தே இல்லை, ஒருவனும் கேட்கமாட்டான். நன்றாய்ச் செய்யப்பட்ட பாட்டாயிருப்பதே ஆபத்து. "மெட்டு நன்றாயிருக்கிறது, தம்பி, நீ ஏன் கேட்கிறாய் என்பது எனக்கு விளங்குகிறது. இது அடுத்த தெருக்காரனை என்ன என்று அழைக்கிறது, பார்த்தாயா?" என்று பேசத் தொடங்குகிற தகப்பனுக்கே மகன் செவிகொடுப்பான். மெட்டையும் சேர்த்துப் பழித்தால், தகப்பனுக்குப் பாட்டே தெரியாது என்று தீர்மானித்து, சொன்ன மற்றதையும் தள்ளிவிடுவான்.

அந்நிய சங்கீதம் என்று ஒரு பயமும் நமக்குண்டு. கர்நாடக சங்கீதத்தின் மும்மூர்த்திகளில் ஒருவரான முத்துசாமி தீட்சிதர் நம் எட்டயபுரத்தில் 1835-ல் மரித்தவர். வாலிப வயதில் அவர் சென்னைக்கருகே மணலியில் தங்கியிருந்தபோது கும்பினியாருடைய பாண்டு வாத்தியத்தைக் கேட்டார். கேட்டதோடு நில்லாமல், அந்த ஐரோப்பிய மெட்டுகளுக்குச் சமஸ்கிருதச் சொற்களை அமைத்தார். அப்படி ஏறக்குறைய நாற்பது உருப்படிகள் உண்டு. நோட்டுஸ்வரம் என்று பெயர். இங்கிலாந்து அரசரை வாழ்த்தும் மெட்டும் அவற்றில் ஒன்று! அவருடைய தம்பி பாலுசாமி தீட்சிதரோ பிடிலைக் கற்று நம் சங்கீதத்துக்குக் கொண்டுவந்தார். இன்று அது இல்லாத கச்சேரி அரிது. அந்நிய சங்கீதம் கேட்டதால் தீட்சிதர் கெட்டுப்போகவில்லை. என் அபிப்பிராயத்தில் அந்த நோட்டுஸ்வரங்கள் அவருடைய பெரிய கீர்த்தனங்களுக்குப் பக்கத்தில் வைக்கத்தக்கவையல்ல, பிள்ளைகள் பழக நல்லவை, அவ்வளவே. இதைச் சொல்வது அவரை அவமதிப்பதாகாது. ஒரே மனிதர் செய்தவற்றிலும் பெரிது சிறிது உண்டு. அதைப் பிரித்தறியும்படி கேட்பதுதான் அவருக்குச் செய்யும் மரியாதை.

கேட்பதற்கும் உழைப்பு வேண்டும் என்பதற்கு நம் பக்கத்து மனிதர் ஒருவரே சாட்சி. தென்காசிப் பகுதியில் சாம்பவர்வடகரையில் 1859-ல் பிறந்த ஆபிரகாம் பண்டிதர், புரொட்டஸ்டாண்டு கிறிஸ்தவர், தொழிலால் சித்த வைத்தியர். தஞ்சாவூரில் குடியேறி, 1912 முதல் தம் சொந்தச் செலவிலேயே சங்கீத மகாநாடுகள் கூட்டினார். ஒரு ஸ்தாயியில் இத்தனை சுருதி என்று எல்லாரும் ஏற்றுக்கொண்டிருந்த கணக்கை அவர் வாய்ச்சொல்லாக மறுக்கவில்லை. சிலப்பதிகாரத்தைப் புரட்டினார், கணக்குப் போட்டார், வீணையில் வாசித்துக் காட்டச் செய்தார். 1916-ல் பரோடாவில் கூடிய அகில இந்திய சங்கீத மகாநாட்டில் அவருடைய பெண்மக்களும் கலந்துகொண்டு மெய்ப்பித்துக் காட்டினார்கள். 1917-ல் வெளியான அவருடைய "கருணாமிர்த சாகரம்" ஆயிரம் பக்கங்களுக்கு மேற்பட்ட புத்தகம். அவருடைய முடிவை ஏற்றவர்களும் உண்டு, மறுத்தவர்களும் உண்டு. மறுக்க விரும்பினவர்களும் உட்கார்ந்து கணக்குப் போட வேண்டியிருந்தது. அரை நிமிஷம் கேட்டுவிட்டுச் செல்போனில் அடுத்த பாட்டுக்குத் தாண்டுகிற நாம், அந்த அரை நிமிஷத்தைக்கொண்டே தீர்ப்பும் எழுதிவிடுகிறோம்.

தீர்ப்பைத் தடையாக மாற்றினால் என்ன நடக்கும் என்பதையும் இந்தத் தேசம் இரண்டு தடவை பார்த்திருக்கிறது. 1940-ல் அகில இந்திய வானொலி ஆர்மோனியத்தை விலக்கியது; ஏறக்குறைய முப்பது வருஷம் அந்தத் தடை நீடித்தது. அதற்குச் சொன்ன காரணம் பொய்யல்ல. தோடி ராகத்தின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதில்லை, அசைந்து அசைந்தே உயிர்வாழ்கிறது. ஆர்மோனியத்தின் கட்டையோ அழுத்தினால் அழுத்தின இடத்தில் நிற்கும். ஆனால் அதே பெட்டி, சுதி பிடிக்கத் தெரியாத நூறு பேரை ஒரே சுதியில் சேர்த்துப் பாடவைக்கும். தம்புரா வாங்கவும் வாசிக்கவும் வழியில்லாத எத்தனையோ கிராமக் கோயில்களில் ஒரு கிழிந்த துருத்தியோடு அது செய்த ஊழியம் கொஞ்சமல்ல. நாடகக் கொட்டகையும் அதை நம்பியே இருந்தது. வித்துவானுக்கு ஆகாது என்பது சரியான தீர்ப்பு. யாருக்குமே ஆகாது என்றது அநியாயம்.

மற்றது சினிமாப் பாட்டின் கதை. 1952-ல் மத்திய அரசில் செய்தி ஒலிபரப்பு மந்திரியாக வந்த பி. வி. கேஸ்கர் சங்கீதம் அறிந்தவர். சாஸ்திரீய சங்கீதத்தின்மேல் மெய்யான பற்றுள்ளவர். அந்த வருஷமே வானொலியில் சங்கீத தேசிய நிகழ்ச்சி தொடங்கிற்று. எத்தனையோ ஏழை வீட்டார் பெரிய வித்துவான்களைக் காசில்லாமல் கேட்டார்கள். அதற்கு நன்றி சொல்லவேண்டும். ஆனால் சினிமாப் பாட்டு ஜனங்களின் ருசியைக் கெடுக்கிறதென்று அதற்குரிய நேரத்தைக் குறைத்தார்கள்; கொஞ்ச காலத்தில் வானொலியில் அது மறைந்தே போயிற்று என்னலாம். ஜனங்கள் என்ன செய்தார்கள்? ருசியை மாற்றவில்லை, நிலையத்தை மாற்றினார்கள். இலங்கை வானொலி நம் தென்கரை ஊர்களிலே தெளிவாகக் கேட்டது. அங்கே திருப்பிவைத்துக் கேட்டார்கள். 1957-ல் விவிதபாரதி தொடங்கப்பட்டு, சினிமாப் பாட்டு திரும்பி வந்தது. அந்த வருஷங்களில் வந்த சினிமாப் பாட்டுகளில் பல இன்று பெரியவர்களால் "அந்தக் காலத்து அருமையான பாட்டு" என்று கொண்டாடப்படுகின்றன! குப்பையும் அவற்றோடே வந்தது, குப்பை மறந்துபோயிற்று. ஒரு காலத்தின் பாட்டை மற்றொரு காலத்தின் பாட்டோடு ஒப்பிடும்போது, வடிகட்டி வைத்ததையும் வடிகட்டாததையும் ஒப்பிடுகிறோம் என்பதை யாரும் நினைப்பதில்லை.

நமது தாயாகிய திருச்சபையும் இந்தக் கேள்வியோடு பலகாலம் போராடியிருக்கிறது. 1903-ம் வருஷம் பாப்பரசர் 10-ம் பத்திநாதர் கோயில் சங்கீதத்தைப் பற்றிக் கட்டளை பிறப்பித்தார். நாடகக் கொட்டகைப் பாணியைக் கோயிலிலிருந்து நீக்கச் சொன்னார். பியானோவையும், இரைகிற வாத்தியங்களையும், அவற்றில் பெயர்சொல்லி மேளத்தையும் விலக்கினார். அக்கட்டளை எழுந்தபோது இத்தாலியக் கோயில்களில் பூசைவேளையில் நாடகப் பாட்டு மிதமிஞ்சிப் போயிருந்தது. அதை மனதில் வைத்துப் படித்தால்தான் அதன் நியாயம் விளங்கும். 1955-ல் 12-ம் பத்திநாதர், வேதபோதக நாடுகளில் அந்தந்த ஜனங்களுடைய சங்கீதத்தை மதித்துப் பயன்படுத்தும்படி சொன்னார். 1963 டிசம்பர் 4-ந் தேதி 2-ம் வத்திக்கான் பொதுச் சங்கம் வெளியிட்ட திருவழிபாட்டுச் சாசனம், கிரகோரியன் கானத்துக்கு முதலிடம் கொடுத்தபடியே, மற்ற ஜனங்களின் இசை மரபுக்கும் உரிய மதிப்பு வேண்டுமென்றது; திருவழிபாட்டுக்குத் தகுதியான மற்ற வாத்தியங்களுக்கும் அதிகாரிகளின் சம்மதத்தோடு இடம் வைத்தது. அறுபது வருஷத்தில் மேளத்தைப் பற்றிய விதி மாறிற்று. இதனால் சர்வேசுரனுடைய மகிமைக்கும் ஆத்துமாக்களின் நன்மைக்கும் உதவுகிறதா என்ற கேள்வி மாறவில்லை.

அப்படியிருந்தும், மேளம் என்றால் நம்மில் பலர் மத்தளத்தையும் தபலாவையும் ஒத்துக்கொள்வார்கள். பறை என்றால் முகம் சுளிப்பார்கள். சாவுக்கு அடிப்பது என்பார்கள். மனம் திறந்து சொல்லவேண்டுமானால், காரணம் சாவு அல்ல. அதை அடிக்கும்படி விதிக்கப்பட்டிருந்தவர்கள் யார் என்பதே காரணம். செவி கேட்டதாகச் சொல்லும் தீர்ப்பை இங்கே சாதி எழுதிக் கொடுத்திருக்கிறது. வடக்கன்குளம் கோயிலில் ஜனங்களைச் சாதிவாரியாகப் பிரித்து நிறுத்திய சுவர் 1910-ல் இடிக்கப்பட்டது. காதுக்குள் நிற்கிற சுவரை இடிப்பது அதைவிட மெதுவான வேலையாயிருக்கிறது. 2025-ல் மதுரைப் பறையிசைக் கலைஞர் வேலு ஆசானுக்குப் பத்மஸ்ரீ விருது அறிவித்தார்கள். முன்பு முகம் சுளித்தவர்களும் பத்திரிகையில் படம் பார்த்துவிட்டு, அதில் எவ்வளவு நுட்பம் என்று வியந்தார்கள். விருதுக்கு முந்தின நாளும் அந்தத் தோல் அதே நாதத்தைத்தான் எழுப்பியது.

இனி, பங்குக்குப் பங்கு சச்சரவாகிற விஷயம் ஒன்றுண்டு: சினிமா மெட்டில் ஞானப்பாட்டு. கீபோர்டு வாசிக்கிற பிள்ளைகள், "மெட்டுக்குப் பாவமுண்டா?" என்று கேட்கிறார்கள். நல்ல கேள்வி. சரித்திரம் முதலில் அவர்கள் கட்சியே பேசுகிறது. பதினைந்தாம் நூற்றாண்டில் பிரான்சில் வழங்கிய "ஆயுதம் தரித்த மனிதன்" என்ற உலகப் பாட்டின் மெட்டை அடிப்படையாக வைத்துப் பல பெரிய சங்கீதக்காரர் பூசைப் பாடல்கள் அமைத்தார்கள். பலெஸ்திரீனா கூட அவர்களில் ஒருவர். 1601-ல் ஹாஸ்லர் என்னும் ஜெர்மானியர் வெளியிட்ட ஒரு காதல் பாட்டின் மெட்டு, முள்முடி சூடிய சேசுநாதரின் திருச்சிரசைப் பாடும் கீதத்துக்குப் போயிற்று. பாக் என்னும் மேதை அதைத் தம் மத்தேயு திருப்பாடுகளில் திரும்பத் திரும்ப வைத்தார். இன்று தபசுகாலத்தில் பல நாட்டுக் கத்தோலிக்கரும் அதைப் பாடுகிறார்கள்.

பின்னே ஏன் தடுக்கவேண்டும்? ஹாஸ்லருடைய காதல் பாட்டு இன்று ஒருவருக்கும் நினைவில்லை. மெட்டு இருக்கிறது, பழைய சொற்கள் உதிர்ந்துவிட்டன. போன மாதம் திரையில் வந்த பாட்டோ அப்படியல்ல. காணிக்கை வேளையில் அந்த மெட்டு எழும்பினவுடன், கோயிலிலிருக்கிற முந்நூறு பேருடைய மனமும் ஒரே நொடியில் அந்த நடனத்துக்குப் போய்விடுகிறது. அதை வெட்டி இந்தப் பக்கம் திருப்ப எந்த ஞானச் சொல்லாலும் ஆகாது. பாவம் மெட்டில் இல்லை. நினைவு அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நூறு வருஷம் கழித்து அதே மெட்டு நற்கருணைப் பாட்டாகலாம், நமக்கென்ன தெரியும்! இன்று வேண்டாம் என்பதே என் எண்ணம். அன்றியும், மற்றொருவர் உழைத்துக் கட்டிய மெட்டைக் கேளாமல் எடுத்துச் சொல்லை மாத்திரம் மாற்றுவது சங்கீதத்துக்குமுன் நேர்மையின் காரியம். கீபோர்டில் கை பழகின பிள்ளை, சாதாரணமானதாயிருந்தாலும் சொந்தமாய் ஒரு மெட்டுக் கட்டட்டும். பங்கார் அதைப் பொறுமையோடு இரண்டு மூன்று ஞாயிறு கேட்கட்டும்.

இவ்வளவும் பாட்டைப் பார்த்துச் சொல்லும் தீர்ப்பு. கேட்கிறவன் தன்னையும் பார்க்கவேண்டும் என்றவர் அர்ச். அகுஸ்தீனார். தமது "பாவசங்கீர்த்தனம்" என்ற நூலின் 10-ம் புத்தகத்தில், கோயிற் பாட்டைக் கேட்கும்போது தமக்குள் நடந்ததை மறைக்காமல் எழுதியிருக்கிறார். மனம் திரும்பின புதிதில், மிலான் நகர்க் கோயிலில் கேட்ட பாட்டு அவரைக் கண்ணீர் விடச் செய்தது. பிற்காலத்திலோ, பாடப்படுகிற பொருளைக் காட்டிலும் பாடுகிற குரலே தம்மை அதிகமாய் இழுக்கிற சமயங்கள் உண்டென்று கண்டார். அப்படிப்பட்ட வேளையில் பாடுகிறவனைக் கேளாதிருப்பதே மேல் என்றும் அவருக்குத் தோன்றிற்று. அலெக்சாந்திரியாவின் அர்ச். அத்தனாசியார், பாடுவதைவிடப் பேசுவதற்கே நெருக்கமாயிருக்கும்படி சங்கீதங்களை வாசிக்கச் சொன்னதை நினைத்து, அதுவே பத்திரமான வழியோ என்று எண்ணினார். உடனே மிலானில் சிந்திய கண்ணீரும் நினைவுக்கு வந்தது. இங்குமங்குமாய் அசைந்து, கடைசியில், பலவீனர் செவியின் இன்பத்தால் பக்திக்கு எழும்புவார்களே என்று, கோயிலில் பாட்டு இருக்கட்டும் என்ற பக்கமாய்ச் சாய்கிறார். அதையும் மாற்றமுடியாத தீர்ப்பாகச் சொல்லவில்லை. அப்போது அவர் ஹிப்போ நகரத்து மேற்றிராணியார். வாரந்தோறும் அந்தப் பாட்டுகளின் நடுவில் பீடத்தருகே நின்றவர். தம்மைப் படிக்கிறவர்கள் தமக்காக அழவேண்டுமென்று அதே பக்கத்தில் கேட்டுக்கொள்ளுகிறார்.